தடியடியிலிருந்து குண்டு வரை: மேடிசன் மாணவர் போராட்டத்தின் மூன்று ஆண்டுகள்

1970 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை. விடிய இன்னும் நேரம் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் ஸ்டெர்லிங் ஹால் என்ற கட்டடத்தை ஒட்டி ஒரு ஃபோர்டு வேன் நின்றது. அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து திருடிய வண்டி. உள்ளே கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்து. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்த சில நிமிடங்களிலேயே, 3 மணி 42 நிமிடத்துக்கு, அது வெடித்தது. சுற்றுவட்டாரத்தில் 26 கட்டடங்கள் சேதமாயின. வேனின் துண்டுகள் மூன்று தெரு தள்ளி, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் கிடந்தன.

கட்டடத்தின் அடித்தளத்தில் இயற்பியல் ஆய்வகம். ராபர்ட் ஃபாஸ்நாக்ட் என்ற 33 வயது ஆராய்ச்சியாளர் அங்கே வேலையில் இருந்தார். மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகள்தான் அவருடைய துறை. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் கையில் இருக்கும் பரிசோதனையை முடித்துவிடலாம் என்று அந்த இரவு வந்திருந்தார். உடைந்த குழாய்களிலிருந்து கொட்டித் தேங்கிய தண்ணீரில் குப்புறக் கிடந்த அவருடைய உடலைத்தான் மீட்புப் படையினர் கண்டெடுத்தார்கள். வீட்டில் மூன்று வயது மகன், ஒரு வயது இரட்டைப் பெண் குழந்தைகள். வேறு மூன்று பேர் காயமடைந்தார்கள்.

குண்டு வைத்தவர்கள் குறிவைத்தது இவரை அல்ல. அதே கட்டடத்தின் மேல்மாடிகளில் ராணுவக் கணித ஆய்வு மையம் இயங்கிவந்தது. குறி அதுதான். அந்த மையத்துக்கு ஆன சேதமோ சொற்பம். ராணுவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இயற்பியல் துறைதான் நொறுங்கிப் போனது. பல பேரின் பல வருட ஆராய்ச்சி, முனைவர் பட்டத்துக்காகச் சேர்த்துவைத்த தரவுகள் எல்லாம் அதோடு போயின.

வியட்நாம் போர் காலத்தில் அமெரிக்க மாணவர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி நம் பக்கத்தில் பேசும்போது பெரும்பாலும் பூக்கள், கிதார், நீண்ட தலைமுடி, சமாதானச் சின்னம் என்றே பேச்சு போகும். அதெல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் போராட்டத்தின் ஒரு கிளை குண்டு வரைக்கும் போனது. ஏன் போனது என்று புரிந்துகொள்ள மேடிசனைப் போல உதவும் ஊர் வேறில்லை என்பது என் எண்ணம். ஏரிகளுக்கு நடுவே இருக்கும், பால்பண்ணை விவசாயத்துக்குப் பேர்போன மாநிலத்தின் அமைதியான பல்கலைக்கழக ஊர் அது. அங்கே இது மூன்றே ஆண்டுகளில் நடந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். தொலைதூர நாட்டில் நடக்கும் போர் வகுப்பறைக்குள் எப்படி வந்தது? கட்டாய ஆள்சேர்ப்பு வழியாக வந்தது. 18 வயது ஆன ஒவ்வொரு ஆணும் பதிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளூர் வாரியம் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ராணுவத்துக்கு அனுப்பும். கல்லூரியில் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. 2-எஸ் என்ற வகையில் அவர்களைச் சேர்த்துவிட்டால் படிப்பு முடியும்வரை கூப்பிட மாட்டார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போனான், தொழிலாளி மகனும் கறுப்பின இளைஞனும் வியட்நாம் காட்டுக்குப் போனார்கள். இந்த அநியாயம் கல்லூரிக்குள் இருந்தவர்களுக்கும் தெரிந்தேயிருந்தது. அவர்களுடைய கோபத்தில் பாதி குற்ற உணர்ச்சி என்று சொன்னால் மிகையில்லை.

1966-ல் அந்தச் சலுகையிலும் ஒரு முடிச்சு விழுந்தது. வியட்நாமுக்கு ஆள் தேவை கூடிக்கொண்டே போனதால், வகுப்பில் ஒரு மாணவன் எத்தனையாவது இடம் என்பதைப் பார்த்துச் சலுகையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று வாரியங்கள் முடிவு செய்யலாம் என்றானது. அந்தத் தரவரிசையைக் கொடுப்பது பல்கலைக்கழகம். இதை ஒரு ஆசிரியரின் இடத்திலிருந்து பாருங்கள். விடைத்தாளைத் திருத்துகிறார். சுமாராக எழுதியிருக்கிறான் பையன். வழக்கமாக என்றால் சுமாரான மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். இப்போது அந்தச் சுமாரான மதிப்பெண் அவனை ஹெலிகாப்டரில் ஏற்றிவிடக்கூடும். சில ஆசிரியர்கள் மதிப்பெண் போடவே மறுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் மேடிசனிலும் சிகாகோவிலும் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடியது இந்தத் தரவரிசைக்கு எதிராகத்தான். பல்கலைக்கழகம் நடுநிலையான இடம், போரோடு அதற்குச் சம்பந்தமில்லை என்ற பேச்சு அப்போதே எடுபடாமல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. போருக்கு அனுப்ப 18 வயது போதும். ஓட்டுப் போட, பெரும்பாலான மாநிலங்களில், 21 ஆக வேண்டும். இந்த நிலை 1971-ல் அரசியல் சாசனத் திருத்தம் வந்த பிறகுதான் மாறியது.

சரி, மேடிசனுக்கு வருவோம். 1967 அக்டோபரில் டவ் கெமிக்கல் நிறுவனத்தார் வேலைக்கு ஆள் எடுக்க வளாகத்துக்கு வந்தார்கள். போபால் வழக்கின் வழியாக நமக்கும் பழக்கமான பெயர்தான் அது. யூனியன் கார்பைடை 2001-ல் விலைக்கு வாங்கிய அதே டவ். அந்தக் காலத்தில் அது ராணுவத்துக்கு நேபாம் தயாரித்துக் கொடுத்துவந்தது. பெட்ரோலோடு பாலிஸ்டைரீன் சேர்த்த கூழ் அது. உடம்பில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும். தட்டிவிட்டாலும் போகாது. எரிந்துபோன குழந்தைகளின் படங்கள் அதற்குள் பத்திரிகைகளில் வந்துவிட்டன. அந்தப் படங்களைப் பார்த்த மாணவர்களின் வளாகத்துக்குத்தான் டவ் நேர்முகத் தேர்வு நடத்த வந்தது.

அக்டோபர் 17 அன்று அட்டைகளைப் பிடித்துக்கொண்டு அமைதியாக மறியல் நடந்தது. மறுநாள் புதன்கிழமை, நூற்றுக்கணக்கானவர்கள் நேர்முகத் தேர்வு நடந்த வணிகவியல் கட்டடத்துக்குள் போய் நடைபாதையை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சட்டப்படி அது தடை செய்யப்பட்ட செயல்தான். அதில் கலந்துகொண்டவர்களுக்கும் அது தெரியும். பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர் வில்லியம் சூவல் என்ற சமூகவியலாளர். பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவரும் வியட்நாம் போரை எதிர்த்தவர்தான். பேசிப் பார்த்தார்கள், தீரவில்லை. பிற்பகலில் நகரக் காவல்துறை தடிகளோடு உள்ளே போனது.

குறுகலான நடைபாதை. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். எழுந்து வெளியே போகலாம் என்று நினைத்தவனுக்கும் போக வழியில்லை. தலைகளில் அடி விழுந்தது. ரத்தம் வழிய ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெளியே என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வகுப்பு முடிந்து அந்தப் பக்கமாகப் போன ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குப் போரைப் பற்றித் திடமான கருத்து இருந்திருக்காது. தன்னோடு படிப்பவள் மண்டை உடைந்து வெளியே வருவதைப் பார்த்தபோது அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்க முடியவில்லை. கல் பறந்தது. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அந்த வளாகத்தில் கண்ணீர்ப்புகை வந்தது அதுதான் முதல் தடவை. மாணவர்களும் காவலர்களுமாகப் பல பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காலையில் சில நூறு பேருடையதாக இருந்த போராட்டம் சாயங்காலத்துக்குள் பல ஆயிரம் பேருடையதாகிவிட்டது.

சூவல் அடுத்த ஆண்டே பதவியிலிருந்து விலகினார். அன்று அடிபட்ட மாணவர்களில் ஒருவரான பால் சோக்லின் 1973-ல் அதே மேடிசன் நகரத்தின் மேயராகத் தேர்வானார். அதாவது, அந்தத் தடியடியிலிருந்து கிளம்பிய எல்லாப் பாதையும் ஸ்டெர்லிங் ஹாலுக்குப் போகவில்லை. ஒரு பாதை வாக்குச்சாவடிக்கும் போனது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 'அடித்தார்கள், அதனால் குண்டு வைத்தார்கள்' என்று சுருக்கிச் சொல்வது சுலபம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1968 ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல்: தென் வியட்நாம் நகரங்கள் மீது கம்யூனிஸ்ட் படைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. போரில் வெற்றி நெருங்கிவிட்டது என்று அரசு சொல்லிவந்த கதை அத்தோடு உடைந்தது. மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் மறுபடி போட்டியிட மாட்டேன் என்றார். ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து கட்டடங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள, போலீஸ் புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போலீஸார் போராட்டக்காரர்களை அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

பார்த்த மக்கள் என்ன நினைத்தார்கள்? இங்கேதான் மாணவர்கள் சறுக்கினார்கள் என்று நினைக்கிறேன். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் கேலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 24 சதவீதம். 1968 ஆகஸ்டில் அது 53 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட நாடு போருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஆனால் அதே மாதம் சிகாகோவில் நடந்ததைப் பற்றிக் கேட்டபோது பெரும்பான்மை மக்கள் போலீஸ் பக்கம் நின்றார்கள். போரையும் பிடிக்கவில்லை, போரை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களையும் பிடிக்கவில்லை. இன்னும் ஆச்சரியமான ஒரு தகவல்: அந்தக் கருத்துக்கணிப்புகளில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களைவிட வயதானவர்களே அதிகமாகப் போரைத் தவறு என்றார்கள். கல்லூரி வாசலில் கொடி பிடித்த பையனுக்குத் தன் தாத்தா வயதுக்காரர்கள் தன் பக்கம் இருப்பது தெரியவில்லை. அவர்களிடம் பேசவும் அவனுக்கு மொழி இருக்கவில்லை.

அப்படிப் பேசிய ஒரு போராட்டமும் நடந்தது. 1969 அக்டோபர் 15. ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டுப் போரைப் பற்றி யோசியுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். சிறு சிறு ஊர்களிலெல்லாம் மக்கள் கூடினார்கள். தேவாலய மணி அடித்தார்கள், கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டார்கள், இறந்த வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மொத்தம் இருபது லட்சம் பேர் கலந்துகொண்டிருக்கலாம் என்று கணக்கு. இதனால் எல்லாம் தன் முடிவு மாறாது என்று அதிபர் நிக்சன் முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்.

மாணவர்களில் தீவிரமானவர்கள் அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். இவ்வளவு பேர் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை, இனி ஊர்வலம் போய் என்ன பயன் என்று கேட்டார்கள். உண்மை வேறாக இருந்தது. நவம்பர் 1-க்குள் பேச்சுவார்த்தையில் இறங்கி வராவிட்டால் மிகக் கடுமையாகத் தாக்குவோம் என்று நிக்சன் வட வியட்நாமுக்கு ரகசியமாகக் கெடு வைத்திருந்தார். அந்தத் தாக்குதல் நடக்கவில்லை. தன் கெடுவுக்கு இருந்த நம்பகத்தன்மையை அக்டோபர் போராட்டம் குலைத்துவிட்டது என்று 1978-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதினார். மணி அடித்து, பெயர் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஒரு பெரிய தாக்குதலைத் தடுப்பதில் பங்கெடுத்திருந்தார்கள். ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. தெரியவந்தபோது போரே முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்த ஒரு விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். ஸ்டெர்லிங் ஹாலுக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

1969 ஜூனில் ஜனநாயகச் சமுதாயத்துக்கான மாணவர்கள் என்ற மிகப் பெரிய மாணவர் அமைப்பு சிகாகோவில் கூடி உடைந்தது. 1965-ல் வாஷிங்டனில் முதல் பெரிய போர் எதிர்ப்பு ஊர்வலத்தை நடத்திய அமைப்பு அது. உடைந்ததில் வெதர்மென் என்ற குழு ஆயுதப் பாதைக்குப் போனது. அக்டோபரில் சிகாகோவில் தெருச்சண்டைக்கு அழைப்பு விடுத்தபோது ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்று நம்பினார்கள். வந்தவர்கள் சில நூறு பேர். 1970 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் அவர்கள் வெடிகுண்டு செய்துகொண்டிருந்த வீடே வெடித்துச் சிதறியது. அவர்களில் மூன்று பேர் செத்தார்கள். ராணுவ முகாம் ஒன்றின் நடன நிகழ்ச்சியில் வைப்பதற்காகச் செய்த, ஆணிகள் அடைத்த குண்டு அது.

மேடிசனில் இந்தக் குழுவுக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு சின்னக் கூட்டம் தனியாக உருவானது. கார்ல் ஆம்ஸ்ட்ராங், அவர் தம்பி ட்வைட் இருவரும் மேடிசன்காரர்கள். டேவிட் ஃபைன், லியோ பர்ட் இருவரும் மாணவர் நாளிதழான டெய்லி கார்டினலில் எழுதியவர்கள். யாருக்கும் 25 வயது ஆகவில்லை; சின்னவர்களுக்கு 18. 1969-ன் கடைசி நாள் இரவு சகோதரர்கள் இருவரும் ஒரு சிறு விமானத்தைத் திருடி, பாராபூ ஊருக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை மேல் வீட்டில் செய்த குண்டுகளைப் போட்டார்கள். எதுவும் வெடிக்கவில்லை. யாருக்கும் காயமில்லாமல் போனது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்தையே தங்கள் திறமை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ராணுவக் கணித மையத்தை எதிர்த்தது அவர்கள் மட்டுமல்ல. 1956 முதல் ராணுவப் பணத்தில் நடந்துவந்த மையம் அது. அங்கே நடப்பது சுத்தமான கணிதம், எல்லோருக்கும் பொதுவான அறிவு என்று நிர்வாகம் சொன்னது. டெய்லி கார்டினல் 1969-ல் அந்த மையத்தின் அறிக்கைகளையே எடுத்து வரிவரியாகப் படித்து, ராணுவத்துக்கு அது எப்படியெல்லாம் உதவுகிறது என்று தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. ஒரு மாணவர் பத்திரிகை செய்யக்கூடிய மிக நல்ல வேலை அது. மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் போருக்கு வேலை செய்யலாமா என்ற கேள்வி அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் நிர்வாகம் இருந்தது.

அப்புறம் 1970 மே வந்தது. போரை முடித்துவைப்பேன் என்று சொல்லி வந்த நிக்சன் ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படை போகிறது என்று அறிவித்தார். மே 4 அன்று ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், மாநிலத்தின் பகுதிநேர ராணுவமான தேசியக் காவல் படையினர் 13 விநாடிகளில் 67 முறை சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்த நால்வரில் இருவர் போராட்டத்திலேயே இல்லை. ஒருவர் வகுப்புக்கு நடந்துபோனவர், இன்னொருவர் ராணுவப் பயிற்சிப் பிரிவு மாணவர். பத்து நாள் கழித்து மிசிசிப்பியில், கறுப்பின மாணவர்கள் படித்த ஜாக்சன் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதை நாடு கண்டுகொண்டது குறைவு. கென்ட் சாவுகளுக்கு யார் காரணம் என்று கேட்ட கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்களையே குற்றம் சொன்னார்கள். 11 சதவீதம்தான் காவல் படையைச் சொன்னது.

நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் வகுப்புகள் நின்றன. சுமார் நாற்பது லட்சம் மாணவர்கள் புறக்கணிப்பில் இறங்கினார்கள். மேடிசன் வளாகத்துக்குள்ளும் தேசியக் காவல் படை வந்தது. துப்பாக்கியில் கத்தி செருகிய படையினர் வகுப்பறை வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. அந்த வசந்தத்தில் அவர்களுக்கு இருந்த கோபத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. தன் வயதுப் பிள்ளைகளைத் தன் நாட்டுப் படையே சுட்டுக் கொன்றிருக்கிறது, ஊர் அவர்களையே குற்றம் சொல்கிறது. அந்த வயதில் நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் ரத்தம் கொதித்திருக்கும்.

ஆனால் ஜூன் முடிவதற்குள் நாடாளுமன்ற எதிர்ப்பின் நெருக்கடியில் அமெரிக்கத் தரைப்படை கம்போடியாவிலிருந்து வெளியேறியது. தரைப்படையை மறுபடி அங்கே அனுப்பப் பணம் கொடுக்கக் கூடாது என்று செனட் வாக்களித்தது. மாணவர்களின் புறக்கணிப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. வேனில் வெடிமருந்து ஏற்றும்போது இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஸ்டெர்லிங் ஹால் வெடித்த பிறகு அந்த இலையுதிர் காலத்தில் மேடிசன் வளாகம் அடங்கிப்போனது. முந்தைய வருடங்களில் பல்லாயிரம் பேரைத் தெருவுக்கு அழைத்து வந்த இயக்கத்தில் இப்போது ஆள் கூடவில்லை. கணித மையத்தைப் பற்றிய நியாயமான கேள்வியை யாராவது எழுப்பினால், பதிலுக்கு ஃபாஸ்நாக்டின் பெயரைச் சொன்னால் போதும் என்றாகிவிட்டது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நிர்வாகத்திடமிருந்து போராட்டக்காரர்கள் தோளுக்கு மாறியது. மையம் வேறு கட்டடத்துக்குக் குடிபோய் வேலையைத் தொடர்ந்தது. போர் இன்னும் ஐந்து ஆண்டு நடந்தது.

கார்ல் ஆம்ஸ்ட்ராங் 1972-ல் கனடாவின் டொரன்டோவில் பிடிபட்டார். 1973-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும் விசாரணை பல நாட்கள் நடந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் வந்து அங்கே தாங்கள் கண்டதையும் செய்ததையும் சாட்சியாகச் சொன்னார்கள். 23 ஆண்டு தண்டனை. ஏழு ஆண்டு கழித்து 1980-ல் வெளியே வந்தார். பிறகு மேடிசனுக்கே திரும்பி, வளாகத்தின் நூலகத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் பழச்சாறு விற்றார். ஃபைன் 1976-லும் ட்வைட் 1977-லும் பிடிபட்டு ஆளுக்குச் சுமார் மூன்று ஆண்டு சிறையில் இருந்தார்கள். ட்வைட் 2010-ல் காலமானார். லியோ பர்ட் பிடிபடவேயில்லை.

ஸ்டெர்லிங் ஹாலின் சுவரில் குண்டு பெயர்த்த தழும்புகளை இன்றும் பார்க்கலாம். ராபர்ட் ஃபாஸ்நாக்டின் பெயரோடு அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள், 2007-ல். அப்போது அவருடைய இரட்டைக் குழந்தைகள், இறந்தபோது அவருக்கு இருந்த வயதைத் தாண்டியிருந்தார்கள்.